பனிப்பொம்மைக்கு மேல்காற்று

மொட்டை மாடிக்கு ஏறினால் குணசுந்தரி முதலில் பார்ப்பது வானத்தை அல்ல, வடக்கே வள்ளூர்ப் பக்கம் நிற்கும் புகைபோக்கிகளை. புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பாள். பிறகு வலது கைச் சுண்டுவிரலை நாக்கில் தொட்டு உயர்த்திப் பிடிப்பாள். புகை கடலைப் பார்த்துச் சாய்ந்தால் அன்றைக்கு வீட்டில் ஓவன் சூடாகும். ஊரைப் பார்த்துச் சாய்ந்தால், "கடக் காத்து. இன்னிக்கு தொட்டா பசை மாரி ஒட்டும், வோணாம்" என்று இறங்கிவிடுவாள். ஆர்டர் கொடுத்தவர் கலெக்டராகவே இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

திருவொற்றியூர் குப்பத்தில், கடலிலிருந்து மூன்றாவது தெருவில் மாடி வீடு. வயது நாற்பத்தேழு. இருபது வருஷம் நெத்திலியையும் வாளையையும் மணலில் பரப்பிக் கருவாடு போட்ட கை அது. இப்போது அந்தக் கை பாதாம் மாவில் பனிப்பொம்மை செய்கிறது. பலகாரத்தின் பெயர் மேக்ரான். தெருவில் யாருக்கும் பெயர் பிடிபடவில்லை. "தூத்துக்குடி மக்ரூன்தானே யக்கா?" என்று யாராவது கேட்டுவிட்டால் அவளுக்குச் சுள்ளென்று வந்துவிடும்.

"அது முந்திரி, இது பாதாமு. அது கூம்பு, இது வட்டம். அத்த கட்ச்சா நொறுங்கும், அவ்ளோதான். இத்த கட்ச்சா மொதல்ல நொறுங்கும், அப்பால மெத்துனு பல்லுல இழுக்கும். துன்னு பாத்துட்டு பேசு."

பாதாம் மாவு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை. சரக்கு இவ்வளவுதான். வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, மாவைக் கலந்து, தட்டில் வட்டம் வட்டமாகப் பிழிந்து, வேகவைத்து எடுத்தால் வில்லை. இரண்டு வில்லைக்கு நடுவே க்ரீம் வைத்து ஒட்டினால் ஒரு மேக்ரான். கேட்பதற்குச் சுலபம். பிழிந்ததும் ஓவனில் தள்ளக் கூடாது என்பதில்தான் ஆளைக் கொல்லும் சங்கதி இருக்கிறது. காற்றில் காயவேண்டும். பாலில் ஆடை படிவதுபோல் மேலே மெல்லிசாக ஒரு தோல் கட்டவேண்டும். கட்டாமல் வைத்தால் வில்லையின் தலை வெடிக்கும். கட்டியிருந்தால் தலை அப்படியே மேலெழும்பி, அடியில் சுருக்கம் சுருக்கமாக ஒரு விளிம்பு வரும். படித்தவர்கள் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் வைத்திருக்கிறார்கள். குணசுந்தரி வைத்த பெயர் கொசுவம்.

மற்றவர்கள் ஏசி அறையில் காயவைக்கிறார்கள். இவள் வீட்டில் ஏசி கிடையாது. கடற்காற்றில் கருவாடு நமுக்கும், மேற்கே தரையிலிருந்து வரும் மேல்காற்றில் ஒரே பொழுதில் மொறுமொறுக்கும் என்பது குப்பத்தில் பிறந்த எவளுக்கும் தெரியும். பாதாமுக்கும் அதே சட்டம்தான் என்று கண்டுபிடித்தவள் இவள் ஒருத்திதான். தொழிலைக் கற்றது போனில், ஒரு வெள்ளைக்காரியின் வீடியோக்களைப் பார்த்து. அவள் பேசுவது எந்தப் பாஷை என்பதுகூட குணசுந்தரிக்குத் தெரியாது. "அந்தம்மா வாய நான் இன்னாத்துக்கு பாக்கப் போறேன்? கையத்தான் பாப்பேன்" என்பாள். ஆர்டர் பிடிப்பது, படம் போடுவது எல்லாம் புழலில் கட்டிக்கொடுத்த மகள் ரேகாவின் பொறுப்பு. மிஞ்சும் மஞ்சள்கருவெல்லாம் தெருவுக்கு. அவள் ஓவன் வைக்கும் நாட்களில் மூன்றாவது தெரு முழுக்க ஆம்லெட் வாசனை அடிக்கும்.

டிசம்பர் வந்தால் எல்லாருக்கும் பனி வேண்டும். பனிப்பொம்மை, பனிப்பூ, பெங்குவின். குணசுந்தரி பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. அதற்காக அவள் அசரவும் இல்லை. "காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரில ஐஸ் பார ஒட்ச்சி தள்ளுவானே, அது மேலேர்ந்து வுழுவுது. இதுக்குப் போயி இன்னா பெரிய அதிசயம்?" பனிப்பொம்மையின் கழுத்தில் சிவப்பு மப்ளர் வரையும்போது மட்டும் வாய் சும்மா இருக்காது. "இம்மாம் குளுருல சொக்கா இல்லாம மப்ளர மட்டும் கட்டிகினு நிக்குது பாரு, லூசு." பல்குத்தும் குச்சியை வண்ணத்தில் தொட்டு, மூச்சை விடாமல் கண் வைப்பாள். பதினாறு பொம்மைக்கும் பதினாறு விதமான முழி.

மூச்சைப் பிடிப்பது அவளுக்கு வேறு ஒரு வகையிலும் பழக்கம். தெருமுனை டீக்கடையைக் கடக்கும்போது முந்தானையை மூக்கில் அழுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு விறுவிறுவென்று போவாள். புதிதாய்ப் பார்ப்பவன் கடைக்காரன்மேல் ஏதோ கோபம் என்று நினைப்பான். விஷயம் அதுவல்ல. பதினோரு வருஷத்துக்கு முன் புருஷன் தேசப்பன் போன படகின் எஞ்சின் செத்து, கடல் அதை ஆந்திரா பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நான்கு நாள் தகவல் இல்லை. ஒரு நாளைக்கு ஏழு டீ குடிக்கிறவள், கடலைப் பார்த்து நின்று, "இந்தாளு உசுரோட வந்தா டீய வாயில வெக்க மாட்டேன் தாயே" என்று வடிவுடையம்மனுக்குச் சொல்லிவிட்டாள். ஐந்தாம் நாள் ஆள் வந்துவிட்டான். அன்றிலிருந்து டீ இல்லை, வாசனை பட்டாலே ஆசை வந்துவிடும். வீட்டில் டீத்தூள் பொட்டலமே கிடையாது. தேசப்பன் குடிப்பதென்றால் கடையில்தான்.

"ஒரு எலுமிச்சம்பழ மால சாத்திட்டு மாத்திக்கலாமேக்கா" என்று பக்கத்து வீட்டு பவானி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"சாமிகிட்ட பேரமா? அது இன்னா மீன் ஏலமாடி?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டாள் குணசுந்தரி. அவள் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். இந்த வருஷம் அவள் புதிதாக ஒன்று சொல்லிவைத்திருந்ததால்தான் எல்லாருக்கும் பயமாக இருந்தது.

போன டிசம்பரில் ராயபுரத்துச் சாரா, தன் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு நாற்பத்தெட்டு கேட்டிருந்தாள். சாரா பள்ளிக்கூட டீச்சர், பூப்போலப் பேசுகிறவள். அன்றைக்கு நல்ல மழை. ஆடை கட்டவில்லை. தேதி நெருங்கிய பயத்தில் குணசுந்தரி தட்டுகளை லேசான சூட்டில் ஓவனிலேயே காயவைக்கப் பார்த்தாள். தலை தலையாக வெடித்தது. வெடிப்பின்மேல் க்ரீமைப் பூசி, முகம் வரைந்து, வாங்க வந்த சாராவின் கையில் கொடுத்தாள். பெட்டியைத் திறந்து பார்த்த சாரா ஒரு கணம் பேசாமல் நின்றாள். பிறகு சிரித்து, "பரவால்லக்கா, டேஸ்ட் நல்லாத்தான் இருக்கும்" என்று மூடியை மூடினாள்.

அந்தப் 'பரவால்ல' மீன்முள் மாதிரி தொண்டையில் மாட்டிக்கொண்டது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள், மறந்தும் போயிருப்பாள். வருஷம் முழுக்க, சோறு வடிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் அந்தச் சிரிப்பு வந்து நின்றது. இந்த நவம்பரில் அதே சாரா போன் செய்து, இரண்டாவது பிறந்தநாளுக்கு அதே நாற்பத்தெட்டு, அதே பொம்மைகள் என்றதும் குணசுந்தரி நேரே கோயிலுக்குப் போனாள். பவானியும் தேசப்பனும் பக்கத்தில் நிற்க, சத்தமாகவே சொன்னாள்: "அந்தப் பொண்ணு வாய்லேர்ந்து இன்னொரு பரவால்ல வந்துச்சுன்னா, அன்னியோட ஓவன வித்துட்டு கருவாட்டுக்கே போய்டறேன் தாயே."

கருவாடு கேவலம் என்று அவள் நினைக்கவில்லை. அது மாமியார் தொழில், அம்மா தொழில், தெருவின் தொழில். மேக்ரான் மட்டும் அவளுடையது. யாரும் கற்றுக்கொடுக்காமல், யாரையும் கேட்காமல், கெட்டுக் கெட்டுக் கற்றுக்கொண்டது. அதைத்தான் பணயம் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

பிறந்தநாள் ஞாயிறு மாலை. வெள்ளிக்கிழமை காலை அம்மன் புண்ணியத்தில் அரைநாள் மேல்காற்று அடித்தது. பிழிந்தாள், காயவைத்தாள், சுட்டாள். தொண்ணூற்றாறு வில்லையும் கொசுவத்தோடு எழுந்தன. ஒட்டி, முகம் வரைந்து, தட்டுத் தட்டாக ஃபிரிட்ஜில் அடுக்கினாள். சனிக்கிழமை காலை அட்டைப்பெட்டியும் நீல ரிப்பனும் வாங்கப் பாரிமுனைக்கு ரயிலேறினாள். வெண்ணெய் திரண்டுவிட்டது. தாழி உடையவேண்டியதுதான் பாக்கி.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு, மாலை ஐந்துக்குத்தான் வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ரிப்பன் நினைப்பில் அவள்தான் மறந்துவிட்டாள். வீட்டில் தேசப்பன் தனியாக இருந்தான். இரண்டு வருஷம் முன் கயிறு இழுத்துத் தோள்பட்டை கழன்றதிலிருந்து அவன் கடலுக்குப் போவதில்லை, வாசலில் உட்கார்ந்து மற்றவர்கள் வலையைப் பின்னிக்கொடுக்கிறான். பெண்டாட்டியின் தொழிலை 'பொம்ம பிஸ்கோத்து' என்று கிண்டல் செய்வதோடு சரி, அந்த மூலைக்கே போனதில்லை. அன்றைக்குப் போனான். பெண்டாட்டியின் வேண்டுதல் அவன் காதிலும் விழுந்ததுதானே. ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் விட்டிருந்தால் சாயங்காலம்வரை ஒன்றும் ஆகியிருக்காது. அவனோ திறந்து பார்த்தான். சில்லென்ற காற்று வெளியே போனதும் பயந்துவிட்டான்.

விலையான சரக்கு, வெயிலில் கெட்டுப்போகும் சரக்கு கையில் இருக்கும்போது கடலோடி ஒருவன் என்ன செய்வான்? ஐஸில் போடுவான். தேசப்பன் காசிமேட்டுக்கு ஆள் அனுப்பி, அரைப் பார் ஐஸை உடைத்து வரவழைத்தான். படகில் மீன் வைக்கும் பெட்டியை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினான். அடியில் ஐஸ், மேலே பிளாஸ்டிக் தாள், தாளின்மேல் தட்டு, அதன்மேல் தாள், திரும்ப ஐஸ். வஞ்சிரத்தை எக்ஸ்போர்ட்டுக்குக் கட்டுவதுபோல அத்தனை பதவிசாக, வலிக்கிற தோளோடு கட்டினான்.

பன்னிரண்டரைக்கு அவள் படியேறி வந்தபோது முகம் முழுக்கப் பெருமையாக எதிரே வந்தான். "கரண்டு பூட்ச்சி மே. நீ ஒண்ணியும் பேஜாராவாத. எல்லாத்தையும் ஐஸ்ல போட்டு கட்டிட்டேன்."

அவள் கையிலிருந்த ரிப்பன் சுருள் கீழே விழுந்து, படிவரைக்கும் உருண்டு பிரிந்தது. மேக்ரானுக்கு ஈரம் எமன். பெட்டியைத் திறந்தாள். தாள் இடுக்கில் ஐஸ் உருகி இறங்கியிருந்தது. பெங்குவினின் கறுப்பு வழிந்து பனிப்பொம்மையின் முகத்தில் அப்பியிருந்தது. மப்ளர் எல்லாம் ரத்தக்கறைபோல் ஊறிக் கிடந்தது. மேல்தட்டில் ஒன்றை எடுத்தாள். விரலோடு பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்தாள். எத்தனை சோப்புப் போட்டால் என்ன, மீன்பெட்டி மீன்பெட்டிதான்.

அவள் கத்தியிருந்தால் தேசப்பனுக்குத் தேவலை. அவள் கத்தவில்லை. "ஐஸ் எங்க வாங்கின?" என்று மட்டும் கேட்டாள்.

"காசிமேட்டுலதான். ஃப்ரெஷ் ஐஸு. நல்லா பொடியா ஒட்ச்சி குட்த்தான்…" அவன் குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது. அவள் விரலில் ஒட்டியிருந்த கறுப்பைப் பார்த்துவிட்டான். "தப்பா மே?"

அன்று இரவு படுக்கும்வரை அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தவன், சாப்பிடவும் வரவில்லை.

பவானி ஓடிவந்தாள். "வுடுக்கா. ஜொரம்னு ஒரு போன் போடு. இல்ல, கடைல வாங்கி ரொப்பி குடுத்துரு, யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்டி" என்றாள் குணசுந்தரி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் பொழுது போய்விடும் என்று விழுங்கிக்கொண்டாள். டப்பாவைத் திறந்து மாவை நிறுத்துப் பார்த்தாள். தொண்ணூற்றாறு வில்லைக்கு இருந்தது. ஒரு ஸ்பூன் கூடுதல் இல்லை. பாதாமைத் தோலுரித்து இரண்டு நாள் வெயிலில் வைத்துத்தான் அவள் மாவு அரைப்பாள். வானத்தில் வெயிலே இல்லை. கெட்டால் திரும்பச் செய்ய வழியில்லை. நாளைக்கு மூன்று மணிக்குச் சாரா வந்து நிற்பாள்.

ஞாயிறு விடிகாலை ஐந்துக்கு ஆரம்பித்தாள். முட்டை வெள்ளையை அடித்து, கிண்ணத்தைக் கவிழ்த்துத் தலைக்குமேல் பிடித்தாள். விழவில்லை, சரி. மாவைக் கலக்கும்போது எண்ணிக்கொண்டே கலந்தாள். ஒரு சுற்று கூடினாலும் ஓடிவிடும், குறைந்தாலும் மலைபோல் நிற்கும். பிழிந்து முடிக்கும்போது மணி ஏழு. நான்கு தட்டுகளை ஜன்னலோரம் பரப்பி, தூசி விழாமல் நாற்காலிகளுக்குமேல் பழைய கொசுவலையைக் கட்டினாள். காக்கைக்குப் பயந்து கருவாட்டின்மேல் வலை கட்டுவாளே, அதே கட்டு.

எட்டு மணிக்குச் சுண்டுவிரலால் தொட்டாள். ஒட்டியது. எட்டரை, ஒட்டியது. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தாள். ஈரக்காற்றைச் சுழற்றிவிட்டால் ஈரக்காற்றுதானே வரும். மாடிக்கு ஓடினாள். புகை ஊரைப் பார்த்துச் சாய்ந்து கிடந்தது. கடல்மேல் மேகம் கறுத்து நின்றது. ஒன்பதே கால், ஒட்டியது. ரொம்ப நேரம் கிடந்தாலும் மாவு செத்துவிடும். இப்போது ஓவனில் வைத்து லேசான சூட்டில் காயவைத்துவிடலாம். போன வருஷமும் இதே நேரத்தில் இதைத்தான் நினைத்தாள். ஓவன் திருகில் கை வைத்தாள்.

அப்புறம் கையை எடுத்துவிட்டு வாசலுக்குப் போனாள். தேசப்பன் படியிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு நாள் முழுக்கப் பேசாதவள், முகத்தைப் பார்க்காமலே கேட்டாள். "யோவ். காத்து எப்போ திரும்பும்?"

அவன் எழுந்து மாடிக்குப் போனான். பின்னாலேயே அவளும் போனாள். காற்றின் குணம் அவளுக்குத் தெரியும். காற்று எப்போது குணம் மாறும் என்பது கடலில் கிடந்தவனுக்குத்தான் தெரியும். வெகுநேரம் தண்ணீரையே பார்த்தான். மேகத்தைப் பார்த்தான். கழுத்தில் வியர்வையைத் துடைத்துவிட்டு நின்றான்.

"புயலு நெல்லூராண்ட ஏறிகினு கீது" என்றான். "அது கரையேறிச்சுன்னா மேக்காத்து இழுக்கும். பத்து, பத்தே கால்."

"நம்பலாமா?"

"நேத்து நான் பண்ணதுக்கு நீ நம்பவே வோணாம். ஆனா காத்து அப்டிதான் வரும் மே."

சத்தியம் செய்திருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். இறங்கி வந்து ஓவன் பக்கம் போகாமல் தட்டுகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பத்து மணி ஆயிற்று, ஒன்றுமில்லை. பவானி வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். பத்தே கால், ஒட்டியது. நேற்று ஐஸில் போட்டவன், இன்றைக்குக் காற்றில் விட்டான், இவனை நம்பிய என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மூக்கில் ஏதோ உறைத்தது.

கேஸ் நாற்றம். மேற்கே தொழிற்சாலைகள் இருக்கிற திசையிலிருந்து வருகிற நாற்றம். மேல்காற்று அடித்தால் மட்டும்தான் அது குப்பத்துக்கு வரும். "அய்ய, கலீஜு, வந்துட்ச்சிடா சாமி!" என்று எதிர்வீட்டில் யாரோ கத்த, தெருவில் படார் படாரென்று ஜன்னல்கள் சாத்தப்பட்டன. குணசுந்தரி வீட்டில் மட்டும் எல்லா ஜன்னலும் திறந்தன. நாற்றம் ஏறாமல் க்ரீம் டப்பாவை இறுக மூடி, பாலித்தீன் பையில் கட்டி, அரிசிப் பானைக்குள் இறக்கினாள். கொசுவலை படபடத்தது. மாடியிலிருந்து தேசப்பன் குரல் கேட்டது: "சாஞ்சிட்ச்சி மே! பொக கடலாண்ட சாஞ்சிட்ச்சி!"

பதினொன்றே காலுக்குச் சுண்டுவிரலை வைத்தாள். ஒட்டவில்லை. நகத்தின் பின்பக்கத்தால் தடவிப் பார்த்தாள். காய்ந்த நெத்திலியின் முதுகுபோல் வழவழவென்று இருந்தது. அம்மா தாயே என்று வாய்விட்டுச் சொன்னாள்.

ஒரு தட்டுக்குப் பதினாறு நிமிஷம். ஓவனின் கண்ணாடிக்கு முன் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தட்டுக்கும் அதே பாட்டு: "கொசுவம் வாடி, கொசுவம் வாடி." முதல் தட்டு வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதில் மூலையில் மூன்று தலை வெடித்தன. அவள் நெஞ்சும் கூடவே வெடித்தது. நான்காவது முழுசாக வந்தது. தொண்ணூற்று மூன்று. ஜோடி சேர்த்தால் நாற்பத்தாறுதான் வரும், ஒரு வில்லை ஒண்டி. க்ரீமை வைத்து, ஒட்டி, முகம் வரைந்து, பெங்குவினுக்கு வயிறு வெள்ளையடித்து, பெட்டியில் அடுக்கி ரிப்பன் கட்டும்போது தெருவில் ஆட்டோ சத்தம் கேட்டது.

சாரா இடுப்பில் குழந்தையோடு படியேறி வந்தாள். பவானி ஓடிவந்து குணசுந்தரியின் காதில், "ரெண்டு கொறையுதுன்னு சொல்லித் தொலைக்காத. 'பரவால்லக்கா'ன்னுடுவா, உன் கத முடிஞ்சிடும்" என்றாள். சொல்வது உண்மைதான். நல்ல பெண் அப்படித்தான் சொல்வாள். வாசலில் தேசப்பன் பின்னிக்கொண்டிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டான்.

சாரா மூடியைத் திறந்தாள். ஒரு கணம் பேசாமல் நின்றாள். போன வருஷமும் இதே ஒரு கணம்தான். குழந்தை கையை நீட்டி, "பொம்ம" என்றது.

குணசுந்தரிக்கு வாயடக்கம் கிடையாது, பொய்யும் வராது. "ரெண்டு கொறையுதும்மா" என்றாள். "நாப்பத்தாறுதான் கீது."

சாரா நிமிர்ந்து பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"இன்னாக்கா இப்டி பண்ணிட்டீங்க? ஆளுக்கு ஒண்ணுன்னு எண்ணித்தானே நாப்பத்தெட்டு சொன்னேன்? இப்ப யாருக்கு இல்லன்னு சொல்றது நானு? இந்த மூஞ்சிய பாத்துட்டு எந்தக் கொழந்த வுட்டுக் குடுக்கும்? எனக்கே ஒண்ணும் மிஞ்சாது போலிருக்கே! ஒரு வார்த்த முன்னாடியே சொல்லக் கூடாது?" குழந்தையின் கை எட்டாத உயரத்துக்குப் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படபடவென்று பொரிந்தாள். பூப்போலப் பேசுகிற டீச்சரம்மாவுக்கு அவ்வளவு கோபம் வரும் என்று யாருக்குத் தெரியும்?

கெட்ட மீனுக்கு எவளும் சண்டை போடமாட்டாள். மூக்கைச் சுளித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். நல்ல மீன் குறைந்தால்தான் கூடையைப் பிடித்துக்கொண்டு கூச்சல் போடுவாள். இருபது வருஷம் கூடையோடு உட்கார்ந்தவளுக்கு இதை யாரும் சொல்லவேண்டியதில்லை. குணசுந்தரியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. சிரிப்பும் வந்தது.

"திட்டும்மா" என்றாள். "இன்னும் கொஞ்சம் நல்லா திட்டு."

சாராவுக்கு ஒன்றும் புரியவில்லை. போன வருஷம் பெட்டியை ஆட்டோ சீட்டில் ஓரமாக வைத்துக்கொண்டு போனவள், இந்தத் தடவை அதை மடியில் வைத்து, குழந்தையைச் சீட்டில் உட்காரவைத்து ஒரு கையால் அணைத்துக்கொண்டு போனாள்.

தெரு அடங்கியது. பவானி வெடித்த வில்லையைத் தின்றுகொண்டே தன் வீட்டுக்குப் போனாள். தேசப்பன் உள்ளே வரவில்லை. வலையை மடியில் போட்டுக்கொண்டு, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணியும் பின்னாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தான்.

குணசுந்தரி அவனைத் தாண்டிக்கொண்டு இறங்கி, முனைக் கடைக்குப் போய்த் திரும்பினாள். முந்தானையில் எதையோ முடிந்திருந்தாள். சற்றுநேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து ஒரு வாசனை வந்தது. பதினோரு வருஷமாக அந்த வீட்டில் வராத வாசனை. தேசப்பன் தலையைத் திருப்பினான்.

அவள் வாசலில் நின்றிருந்தாள். கையில் இரண்டு டம்ளர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உயரத் தூக்கி, நுரை பொங்கப் பொங்க ஆற்றினாள். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு, டீயை அவனிடம் நீட்டினாள்.